கங்கும் கம்பளியும்

"உங்களுக்கென்ன, ஊட்டியில் இருக்கிறீர்கள்!" என்று தூத்துக்குடிப் பக்கத்து உறவினர்கள் எங்களிடம் சொல்லாத ஆண்டு இல்லை. சித்திரை வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவர்கள் சொல்வதில் சிறிது பொறாமையும் உண்டு, பாசமும் உண்டு. மே மாதத்து மலர்க்காட்சிக்கு வந்து, இரண்டு நாள் தங்கி, வர்க்கியும் தேயிலைத் தூளும் வாங்கிக்கொண்டு மலையிறங்குகிறவர்களுக்கு நீலகிரி என்பது குளுமை. அதே வீட்டில் சனவரி மாதத்து இரவொன்றைக் கழித்துப் பார்த்தவர்களுக்கே குளுமை வேறு, குளிர் வேறு என்பது விளங்கும்.

நாங்கள் வாழ்வது உதகைக்கும் குன்னூருக்கும் இடையே, கேத்திப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஒரு சிற்றூரில். பள்ளத்தாக்கு என்று குறித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்திற்கு விட்டுவிடுகிறது. அதனை ஒட்டியுள்ள காற்றும் குளிர்ந்து, கனத்து, நீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டில் வெறும் குளிராக இருப்பது பள்ளத்தில் உறைபனியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நீர்ப்பனி இறங்கும், மார்கழியிலிருந்து உறைபனி. விடியற்காலையில் புல்வெளி முழுவதும் வெளுத்துக் கிடக்கும். உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதனை முதன்முதலாகக் கண்டபோது, யாரோ மலைமேல் பாத்தி கட்டி உப்பு விளைவித்திருக்கிறார்கள் என்றே தோன்றியது. கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டவர்கள் அந்நேரத்தில் எழுந்து, பனி கருக்கிவிடாதபடி பயிர்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். இளந்தேயிலைச் செடிகளுக்குப் பெரணித் தழையால் முக்காடு இடுவார்கள். செடிக்கு இவ்வளவு ஏற்பாடு உண்டு. கையில் காசு குறைந்த மனிதருக்கு என்ன ஏற்பாடு என்பதே நாங்கள் எழுத எடுத்துக்கொண்ட பொருள்.

வெள்ளையர் 1820களில் இம்மலைமேல் வீடு கட்டத் தொடங்கியபோது, குளிருக்கு அவர்கள் கண்ட வழி, தங்கள் நாட்டில் கண்டிருந்த வழியே: சுவருக்குள் ஒரு கணப்பு, கூரைக்கு மேல் ஒரு புகைபோக்கி. கணப்புக்கு விறகு வேண்டும். சோலைக் காடுகள் விறகாயின. அவை போதாமற்போகவே, ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொணர்ந்து புல்வெளிகளில் நட்டார்கள். இன்று பயணிகள் நின்று படமெடுத்துக்கொள்ளும் கற்பூர மரத் தோப்புகளுள் பல, அன்று குளிர்காய்வதற்கென்று நட்ட விறகே. இவ்வளவும் செய்தும் கணப்பு பெரும் ஊதாரி. எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதியைப் புகைபோக்கி வழியே அனுப்பிவிட்டு, மிஞ்சியதைத்தான் அறைக்குத் தரும். அதற்கு எதிரில் அமர்ந்தவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும். ஆயினும் அந்தப் புகைபோக்கியைக் குறைத்துப் பேசிவிட நாங்கள் விரும்பவில்லை. அதன் அருமை பின்னால் தெரியும்.

எங்கள் வாடகை வீட்டில் கணப்பு இல்லை. தகரக் கூரை, அதன்கீழ் இடைவெளி விட்ட மரப்பலகைகள். வந்த புதிதில் உதகைக் கடைவீதியில் ரூம் ஹீட்டர் ஒன்றை விலை கேட்டோம். விலை கட்டுப்படியாகக் கூடியதே. ஆனால் அதன் அடியில் 2000 வாட் என்று எழுதியிருந்தது. ஒரு மணி நேரத்திற்கு 2 யூனிட்; இரவு எட்டு மணி நேரத்திற்கு 16 யூனிட்; மாதத்திற்கு 480 யூனிட். அதுவும் எதற்கு? சூடான காற்று மேலே செல்லும். மேலே இருப்பதோ தகரம். தகரத்திற்கு மேலே வானம். வானத்தைச் சூடாக்குவதற்கு நாங்கள் மின்கட்டணம் செலுத்த வேண்டுமா என்று பேசிக்கொண்டே கடையை விட்டு இறங்கிவிட்டோம். கடைக்காரர் எங்களைக் கஞ்சர் என்று எண்ணியிருக்கக் கூடும்.

வீட்டைச் சூடாக்க முடியாதென்றால் வீட்டிலுள்ளவர்களைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும். இதனை எங்களுக்குக் கற்பித்தவர் கீழ்வரிசைக் குடியிருப்பில் வாழும் ஓர் அம்மையார். நுவரெலியாவுக்கு அருகே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், தலைமுறைகளாக அங்கே உழைத்த நம் மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவர்களைக் கேட்டு எழுதிய ஒப்பந்தமன்று அது. அவ்வாறு பெயர்க்கப்பட்டோருள் ஒருவராக, சிறுமியாய்த் தாய் தந்தையரோடு கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின்னர் இம்மலைக்கு வந்தவர். அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968-இல் தொடங்கப்பட்டதே இத்தகையோருக்கு வேலை தருவதற்காகத்தான். அரசுத் தோட்டத்தில் இடம் கிடைத்தவர் சிலர். தனியார் தோட்டங்களிலும் காய்கறி நிலங்களிலும் கூலி வேலை செய்தவர் பலர். மலையிலிருந்து மலைக்கு வந்தவராதலால் குளிரைப் பற்றி அவ்வம்மையாருக்குத் தெரியாததில்லை. கடற்கரையிலிருந்து வந்த நாங்கள் அவருக்கு மாணவர்களாக அமைந்தது இயல்பே.

முதல் பாடம் படுக்கையைப் பற்றியது. எங்கள் வீட்டு மூதாட்டி மூன்று போர்வை போர்த்தியும் நடுங்குவதைக் கண்டு அவர் சிரித்தார். "டீச்சரம்மா, அம்புட்டையும் மேல போட்டா என்ன செய்யும்? குளுரு மேல இருந்தா வருது? தரையில இருந்துல்ல வருது. ஒண்ண எடுத்துக் கீழ விரிங்க." அவர் சொன்னபடியே செய்தோம். சாக்கைப் பிரித்து நான்காக மடித்து அடியில், அதன்மேல் பாய், பாயின்மேல் கம்பளி, அதற்கும் மேலேதான் மெத்தை. அன்றிரவே நடுக்கம் நின்றது. பின்னர் நாங்கள் சிந்தித்துப் பார்த்தபோது இதன் காரணம் எளிதாகவே விளங்கியது. நம்மைச் சூடாக வைப்பது கம்பளியன்று. கம்பளியின் இழைகளுக்குள் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. மெத்தையின்மேல் நாம் படுத்ததும் நம் எடையால் பஞ்சு அமுங்கி அக்காற்று வெளியேறிவிடுகிறது. சாக்கும் பாயும் அவ்வளவாக அமுங்குவதில்லை. தடித்த சட்டை ஒன்றைவிட மெல்லிய சட்டைகள் இரண்டு நலம் என்பதும் இதனாலேயே.

தோட்டத்துப் பெண்கள் கொழுந்து பறிக்கையில் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்குச் சாக்கையும், தோளிலிடும் கறுப்புக் கம்பளியையும் நம்மில் பலர் வறுமையின் உடையாகவே பார்க்கிறோம். குளிரையும் ஈரத்தையும் அறிந்தவர்கள் தேர்ந்த உடை அது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும், பருத்தி காக்காது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழைக்கும் குளிருக்கும் குடையும் கம்பளியும் தொழிலாளருக்கு முதலாளிகள் வழங்க வேண்டுமென விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்திருந்தது. கம்பளியைச் சட்டத்தில் எழுதியவர்கள் ஒரு சனவரி இரவேனும் மலையில் தங்கியிருக்க வேண்டும்.

இரண்டாம் பாடம் கூரை. அம்மையாரின் வீட்டில் தகரத்திற்கு ஒரு முழம் கீழே, வெட்டிப் பிரித்த சாக்குகளை ஒன்றோடொன்று தைத்து விதானம் போலக் கட்டியிருக்கிறார்கள், படுக்கும் அறையில் மட்டும். அடுப்பங்கரையில் கட்டினால் தீப்பற்றும். சாக்குக்கும் தகரத்திற்கும் நடுவே நிற்கும் காற்று மற்றுமொரு கம்பளி. விடியற்காலையில் தகரத்தின் அடியில் நம் மூச்சின் ஈரம் துளித்துளியாய்க் கோத்து முகத்தில் சொட்டுமே, அதுவும் சாக்கோடு நின்றுவிடும். தோடர்களின் பழைய குடில்களைப் பார்த்தவர்கள், பாதி பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற அக்குடிலின் வாயில் ஏன் மூன்றடிகூட இல்லை, ஏன் தவழ்ந்து செல்ல வேண்டும் என வியப்பார்கள். சூடான காற்று மேலே தங்கும். தாழ்ந்த வாயில் வழியே அதனால் வெளியேற முடியாது. நம் தகர வீடுகளைக் கட்டிய மேஸ்திரிகள் ஒருமுறை அங்கே தவழ்ந்து சென்று வந்திருக்கலாம்.

கதவிடுக்கு, சன்னலிடுக்கு ஆகியவற்றை விரித்துரைக்கத் தேவையில்லை. பழைய கால்சட்டையின் ஒரு காலை வெட்டி, மரத்தூள் நிரப்பி, இரு முனையும் தைத்துக் கதவடியில் கிடத்தினால் போதும். வெயிலைப் பற்றி மட்டும் ஒரு சொல். சனவரியிலும் எங்கள் பகுதியில் பகல் வெப்பம் 20 டிகிரியை எட்டுவதுண்டு. இரவோ 0 டிகிரியை ஒட்டிச் செல்லும். அந்தப் பகலைப் பிடித்து வைத்துக்கொள்வதே கலை. காலை ஒன்பது மணிக்கு வெயிற்பக்கத்துச் சன்னல்களைத் திறந்துவிடுகிறோம். மெத்தையும் போர்வையும் வெயிலில் கிடக்கும். மூன்றரை மணிக்கு, வெயில் எங்கள் சரிவை விட்டு நீங்குவதற்குள் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து கதவடைத்துவிடுவோம். ஐந்து மணிக்கு எடுக்கலாம் என்றிருந்தால் ஈரத்தைத்தான் போர்த்திக்கொள்ள நேரும். குளியல் பதினொரு மணிக்கு. பள்ளி நாட்களில் குளியலே உண்டா என்று கேட்பவர்களுக்கு நாங்கள் விடை சொல்வதில்லை.

மாலைக்குப் பின் எங்கள் வீடு ஓரறை வீடாகச் சுருங்கிவிடும். ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. உறங்கும்போது சற்றுக் குறையும். ஐவர் ஓரறையில் கூடினால் செலவில்லாத ஹீட்டர் ஒன்று அங்கே எரிகிறது. தேர்வுத்தாள் திருத்துவது, பிள்ளைகளின் படிப்பு, இரவுச் சோறு, செபமாலை எல்லாம் அவ்வறையில்தான். ஆளுக்கோர் அறையில் முடங்கும் பழக்கம் எங்கள் வீட்டில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விடுமுறையில் இருக்கும். இதில் மனத்தாங்கலும் உண்டு. வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனிமை வேண்டும். பாட்டியின் இருமல் அவர்கள் படிப்பைக் கலைக்கும். ஆனாலும் எழுந்து அடுத்த அறைக்குப் போனவர்கள் பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள்.

படுக்கப் போகுமுன் மூதாட்டியின் காலடியில் வெந்நீர்ப் பை. எங்கள் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிவரை காத்திராது. ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். (பருப்பு வேகக் காலம் பிடிப்பதும் இதனால்தான், புதிதாக மலையேறி வந்த மருமகளைக் குறை கூறும் மாமியார்கள் இதனை அறிக.) ஒன்றரை லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க மின்சாரமானால் ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு போதும். பதினாறு யூனிட்டின் வேலையை அது செய்யாதுதான். ஆனால் கால் சூடானால் உறக்கம் வந்துவிடும், உறக்கம் வந்தபின் உடல் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். பையைத் துண்டில் சுற்றியே வைக்க வேண்டும். முதியோரின் கால் சூடு அறியாது. தோல் வெந்துபோவதும் உண்டு. குளிரையும் அவர்கள் அவ்வாறே அறிவதில்லை. "எனக்கொன்றும் குளிரவில்லை" என்று அவர்கள் சொல்வதை நம்பாமல், கையைத் தொட்டுப் பார்ப்பது நலம்.

குளிருக்காகக் குடிக்கிறோம் என்னும் பேச்சு மலையில் மிகுதி. மது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளிருக்கும் சூடு தோலுக்கு வருவதால் இதமாகத் தோன்றுகிறது. தோலிலிருந்து அது வெளியேறிவிடுகிறது. சூடேறுவதாக அவர் உணரும் அந்நேரத்தில்தான் அவர் உடல் சூட்டை இழந்துகொண்டிருக்கிறது. மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்ட கருந்தேநீரோ, ஒரு செம்பு கேழ்வரகுக் கஞ்சியோ அதனினும் மலிவு.

இனி நெருப்புக்கு வருகிறோம். இதுவரை எழுதியது இதற்காகவே.

கரி நெருப்பைச் சட்டியிலிட்டு வீட்டிற்குள் வைத்துக் குளிர்காய்வது நமக்குப் புதிதன்று. சங்க நூலாகிய நெடுநல்வாடையில், வாடைக் காலத்து மதுரை மாந்தர் குளிர்ந்த நீரை ஒதுக்கிவிட்டு, அகன்ற வாயுடைய நெருப்புச் சட்டியை நாடியிருந்த காட்சியை நக்கீரர் காட்டுகிறார். அச்சட்டிக்குத் தடவு என்று பெயர். பொருள் நம்மிடம் இன்னும் இருக்கிறது; பெயர்தான் மறைந்துபோயிற்று. அதே பகுதியில் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடந்தன என்றும் அவர் சொல்கிறார். மாட மாளிகையின் அகன்ற கூடத்தில் அது தகும். பத்தடிக்குப் பத்தடி அறையில் தகாது.

கரியும் விறகும் போதிய காற்றின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உட்சென்றால், இரத்தத்தில் உயிர்வளி ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி அமர்ந்துகொள்ளும். உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றும். தலைவலி, குமட்டல், கால்களில் சோர்வு, பின்னர் உறக்கம். இரவு நேரமாதலால் அந்த உறக்கத்தை யாரும் ஐயுறுவதில்லை. பச்சை விறகின் புகை கண்ணைக் கரித்து நம்மை வெளியே துரத்தும். அது நமக்குச் செய்யும் நன்மை. புகையடங்கிச் செந்நிறமாய்க் கனலும் கங்கு, பார்ப்பதற்கு மிகவும் சாதுவானது. "புகை போயிடுச்சு, இனி உள்ளே எடுத்துட்டுப் போகலாம்" என்கிறோம். அந்நேரத்தில்தான் அது மிகவும் கொடியது. சாம்பல் பூத்து அணைந்தாற்போலத் தோன்றினாலும் அது நச்சுவாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்.

கரிச்சட்டியின் சிக்கனம் எங்கிருந்து வருகிறது? அதன் வெப்பத்தில் ஒரு துளியும் வெளியே போவதில்லை; எல்லாம் அறைக்குள்ளேயே தங்குகிறது. நஞ்சும் அப்படியே தங்குகிறது. புகைபோக்கி ஊதாரித்தனமாக வெளியேற்றுவது வெப்பத்தை மட்டுமன்று. மேலே நாங்கள் எழுதிய கதவிடுக்கு அடைப்பு, சாக்கு விதானம் எல்லாம் இங்கே பகையாகிவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இடுக்கை அடைத்த வீட்டிற்குள் நெருப்பு கூடாது. எரிவாயு அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவதும் கூடாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள முடியும்.

மலை ஊர்களின் விடுதியறைகளில் கரியடுப்பு வைத்து உறங்கிய பயணிகள் எழாமற்போன செய்திகளைக் குளிர்காலந்தோறும் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். நாங்களும் படித்துவிட்டு மடித்து வைத்தவர்களே. 2018-ஆம் ஆண்டு சனவரியில் அது கீழ்வரிசைக்கு வந்தது. கணவர், மனைவி, கணவரின் தாய், ஒன்பது வயதுச் சிறுமி என நால்வர். வாசலில் மூட்டிய கரி அடங்கியதும் பழைய இரும்புச் சட்டியோடு உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். அன்று உறைபனி மிகுதி. விடியற்காலையில் சிறுமி வாந்தி வருகிறதென்று எழுந்து, நடக்க முடியாமல் தவழ்ந்து, தாழ்ப்பாளை எப்படியோ நீக்கி, வாசற்படியிலேயே விழுந்திருக்கிறாள். குழாயடிக்குப் போனவர்கள் கண்டார்கள். திறந்த கதவு உள்ளே இருந்தவர்களுக்கு உதவியது. 108 ஊர்தி வந்தது, மருத்துவமனையில் உயிர்வளி கொடுத்தார்கள், மூவர் பிழைத்தனர். மூதாட்டி பிழைக்கவில்லை. சட்டிக்கு அருகில் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். வயதானவராயிற்றே, சூடு வேண்டுமே என்று.

அடக்கத்திற்குப் போயிருந்தபோது எங்கள் ஆசிரியையான அம்மையாரும் வந்திருந்தார். கரியை உள்ளே வைக்காதீர்கள் என்று குடியிருப்பில் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நாங்கள் பேச்செடுத்தோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் சொல்லாமலா இருந்தேன் டீச்சரம்மா? கரிய உள்ள வெக்காதீங்கன்னா, போத்திக்க என்ன இருக்குன்னு கேக்குறாங்க. அதுக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்?"

அவ்வீட்டில் போர்வைகள் இருந்தன. அதற்கு முந்திய கிறிஸ்து பிறப்பு விழாவில் இரண்டு வழங்கப்பட்டிருந்தன. ஒன்று நால்வருக்கும் நடுவே. மற்றொன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் பெட்டியில் இருந்தது. விருந்தாளி வந்தால் வேண்டுமே என்று எடுத்து வைத்திருந்தார்கள். இதனை அறியாமை என்று சொல்லிவிட எங்களுக்கு மனமில்லை. நல்ல பொருள் ஒன்றே ஒன்று கிடைக்கும் வீட்டில் அது பெட்டிக்குத்தான் போகும். நம் அன்னையரின் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் தெரியும். போதுமான அளவு கிடைத்தாலன்றி அது உடலுக்கு வராது.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பள்ளியில் நாங்கள் பாராட்டிப் பாடம் நடத்துகிறோம். அவன் கொடுத்தது தான் போர்த்தியிருந்த போர்வை. நாம் கொடுப்பதோ மொத்த விலையில் கட்டுக்கட்டாய் வாங்கிய போர்வை. கையால் தடவினால் மறுபக்கத்துக் கை தெரியும். டிசம்பர் 24-ஆம் நாள் மாலை, ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டு, படம் எடுத்துக் கொடுக்கிறோம். குளிரோ நவம்பரிலேயே தொடங்கிவிடும். விடுதலைப் பயண நூலில் ஒரு சட்டம் இருக்கிறது: பிறருடைய மேலாடையை அடகாக வாங்கினால் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஏனெனில் அவர் போர்த்திக்கொள்ள வேறு இல்லை. அச்சட்டம் நேரத்தைக் குறிப்பிடுகிறது. இரவு வருமுன் என்கிறது. நாங்கள் சார்ந்த அன்பியக் கூட்டத்தில் இதனைச் சொன்னபோது ஒருவர், "அப்படியானால் கிறிஸ்துமசுக்கு என்ன கொடுப்பது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. கேக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று.

நெருப்பே வேண்டாமென்பது எங்கள் கருத்தன்று. குளிர்காய்தல் என்னும் சொல்லுக்குப் பிறர் துன்பத்தில் ஆதாயம் தேடுதல் என்றும் ஒரு பொருள் வழங்குகிறது. அது வெயில் நாட்டில் பிறந்த வழக்காகவே இருக்க வேண்டும், குளிரறிந்தவர்கள் அச்சொல்லை அவ்வாறு கெடுத்திருக்கமாட்டார்கள். கீழ்வரிசையில் இன்றும் மாலையில் நெருப்பு மூட்டுகிறார்கள். வாசலில், வானத்தின்கீழ். யோவான் நற்செய்தியில் பேதுரு கைகாய்ந்து நின்ற கரி நெருப்பும் தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில்தான் இருந்தது. அன்று அங்கே நடந்தது வேறு கதை. முற்றம் என்பதை மட்டும் நாங்கள் குறித்துக்கொள்கிறோம். ஏழு மணிவரை நாலைந்து வீட்டார் சுற்றி அமர்ந்திருப்பார்கள். ஊர்ச் செய்தி எல்லாம் அங்கே பேசித் தீர்ந்துவிடும். உள்ளே போகும்போது கங்குக்குப் பதிலாக, நெருப்போரம் சூடேறிய செங்கல்லைச் சாக்கில் சுற்றி எடுத்துச் சென்று காலடியில் வைத்துக்கொள்கிறார்கள். கல் சூட்டை மட்டும் கொண்டுவரும். ஓடைக் கல்லை எடுக்கக் கூடாது. உள்ளிருக்கும் ஈரத்தால் நெருப்பில் வெடிக்கும். நன்றாகக் காய்ந்த செங்கல்லே ஏற்றது. இந்த ஏற்பாடு அந்த அம்மையாரின் யோசனை. அடக்கம் முடிந்த வாரமே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டிரண்டு செங்கற்களை வைத்துவிட்டுப் போனாராம். யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை.

பிழைத்த அச்சிறுமி பின்னர் எங்கள் பள்ளியிலேயே படித்துத் தேறினாள். இரவில் கதவைத் தாழிடுவது மட்டும் அவளுக்கு நெடுங்காலம் பிடிக்கவில்லை. அவ்வீட்டுச் சன்னலில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, கையகலத்திற்குக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். குளிர்காற்று வரத்தான் செய்கிறது. இருக்கட்டும் என்கிறார் தாய்.

அன்பியத்தில் இப்போது போர்வைக் கணக்கு மாறியிருக்கிறது. ஆளுக்கொன்று என்று எண்ணி, எண்ணிக்கை போதாத ஆண்டில் முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு முதலில், ஐப்பசி முடிவதற்குள் கொடுத்துவிடுகிறோம். போர்வைக்குப் பணம் தருவோர் உண்டு. சாக்கு தருவோர்தான் குறைவு, கேட்பதற்கும் நமக்குக் கூச்சம். அரிசிக் கடைகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பைகளே வருகின்றன. சணல் சாக்கு வேண்டுமென்றால் உருளைக்கிழங்கு மண்டியில் கேட்டு வாங்க வேண்டும். ஒரு படுக்கையறை விதானத்திற்குப் பன்னிரண்டு சாக்கும், தைப்பதற்கு இரண்டு பேரும், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலும் தேவை. கீழ்வரிசையில் இன்னும் ஏழு வீடுகள் பாக்கி. கோணி ஊசிகள் நான்கு இருக்கின்றன.